எழுபத்துநான்காவது மைதானம்

ஹார்ன்பெக் ரயில் நிலையத்தில் இறங்கிய மாத்திரத்தில் ஃபோல்க்மார் ஹின்ரிக்ஸனுக்குப் பாதி சந்தோஷம் போய்விட்டது. அதே ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து புர்க்ஹார்ட் லீஸகாங் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அட, நீயா! முட்டி வலி, இந்த மாசம் முழுக்க வாசப்படி தாண்டமாட்டேன்னு போன்ல அழுதே?" என்றார் புர்க்ஹார்ட்.

"நீ மட்டும்? பேத்திக்குப் பிறந்தநாள்னு சொன்னே."

"பிறந்தநாள்தான்யா. கேக் வெட்ட நான் எதுக்கு? கத்தி இருக்குல்ல."

இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். முப்பது வருட நட்பு. எப்படிப்பட்ட நட்பு என்றால், தான் எங்கே போகிறோம் என்பது மற்றவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று இருவரும் உயிரைக் கொடுத்துப் பாதுகாத்த நட்பு. ஜெர்மனியில் இப்படி ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோயிலுக்கும் போகாது, குளிக்கவும் யோசிக்கும். எங்கோ ஒரு கால்பந்து மைதானத்தைத் தேடிப் போய்த் தொண்ணூறு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "ஒன்று சேர்ந்தது" என்று எழுதிக்கொண்டு திரும்பும். தபால்தலை சேர்க்கிறவர்களுக்கு ஆல்பம் நிறையும். இவர்களுக்கு முட்டி தேயும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இருவரும் தங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, இப்போது சின்ன லீக்குகளில் முக்கிக்கொண்டிருக்கும் கிளப்புகளின் மைதானங்கள், மொத்தம் எழுபத்துநான்கு. பட்டியலைப் போடச் சொல்லி இவர்களை யாரும் கேட்கவில்லை. முடித்தால் யாரும் மாலை போடப் போவதுமில்லை. ஆனால் யார் முதலில் முடிப்பது என்பதில் இருவருக்கும் ராத்தூக்கம் கிடையாது. இருவருமே எழுபத்துமூன்றில் நின்றார்கள். மீதி ஒன்று, ஹார்ன்பெக்.

ஃபோல்க்மார் இங்கே முன்பே மூன்று தடவை வந்து மண்ணைக் கவ்வியவர். முதல் தடவை பனி. மைதானக் காவலர் கதவைப் பூட்டிவிட்டுக் கைவிரித்தார். இரண்டாம் தடவை எழுபத்தோராவது நிமிடத்தில் விளக்குக் கம்பம் அணைந்து ஆட்டம் கைவிடப்பட்டது. முழு ஆட்டம் பார்க்காவிட்டால் கணக்கில் சேராது என்பது விதி. மூன்றாம் தடவை சரியான கிழமையில்தான் வந்தார், வாரம்தான் தப்பு. புர்க்ஹார்ட் வந்த இரண்டு தடவைகளைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. அதிலிருந்தே விஷயம் விளங்கியது.

இது நான்காவது தடவை. இனி ஐந்தாவது என்று ஒன்று கிடையாது. நாளை திங்கட்கிழமை மண்வாரி இயந்திரங்கள் வருகின்றன. மைதானம் இருந்த இடத்தில் மரச்சாமான் கடை வரப்போகிறது. தொண்ணூறு வருடம் கோல் விழுந்த இடத்தில் இனிமேல் சோபாக்கள் உட்காரும். கிளப் அடுத்த ஊர்க் கிளப்போடு சேர்ந்து, பிளாஸ்டிக் புல் மைதானத்துக்குக் குடிபோகிறது. ஆக, இன்று நடக்கிற ஆட்டத்தை முழுதாகப் பார்த்தால் எழுபத்துநான்கு. இல்லையென்றால் சாகிற வரைக்கும் எழுபத்துமூன்று.

கொன்கோர்டியா ஹார்ன்பெக் லேசுப்பட்ட கிளப் இல்லை. ஐம்பதுகளில் ஒரு வருடம், நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த பதினொரு பேர் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஜெர்மனி முழுமைக்கும் சாம்பியன் பட்டத்தை வாங்கி வந்தார்கள். அதற்கப்புறம் கிளப் ஒரு லீக் இறங்கியது. "இது தற்காலிகம்" என்று அப்போதைய தலைவர் அறிக்கை விட்டார். அடுத்த லீக்கும் இறங்கியது. அடுத்த தலைவரும் அதே அறிக்கையைத் தேதி மாற்றி விட்டார். இப்படி எட்டுத் தற்காலிகங்கள் சேர்ந்து, கிளப் இப்போது ஒன்பதாவது லீக்கில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம் ஆகியும், ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தப் பதினொரு பேரின் பெயரை மூச்சுவிடாமல் சொல்வார்கள். போன வாரம் ஆடிய பதினொரு பேரைக் கேட்டால், கோல்கீப்பர் யார் என்பதிலேயே சண்டை வந்துவிடும்.

வாசலில் சீட்டுக் கூண்டுக்குள் இர்ம்ட்ரூட் சோபோட்கா அம்மாள் இருந்தார். சீட்டுக் கிழிப்பதும் அவர்தான், சாசேஜ் வறுப்பதும் அவர்தான், கிளப் தலைவர் ஃப்ரீட்ஹெல்மைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதும் அவர்தான்.

"ஆறு யூரோ, ராசா."

ஃபோல்க்மார் பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். நடுவர் கார்டு. அது இருந்தால் எந்த ஊர் ஆட்டத்துக்கும் சீட்டு இலவசம். ஓய்வுபெற்ற நிலஅளவை அதிகாரியான அவருக்கு நல்ல ஓய்வூதியம் வருகிறது. இருந்தாலும் அந்தக் கார்டு செத்துவிடாமல் இருக்க வருடத்துக்குப் பதினைந்து சிறுவர் ஆட்டங்களுக்கு மழையில் நனைந்து விசில் ஊதுவார். அந்தச் சளி மருந்துக்கு ஆன செலவை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

"ஓ, ரெஃப்ரியா! எந்த ஊரு?"

"ஃப்ளென்ஸ்பர்க்."

"அம்மாடி! டென்மார்க் எல்லையில இருந்து ஆறு யூரோவை மிச்சம் பிடிக்கவா இவ்ளோ தூரம் வந்தே?" என்றார் அம்மாள். பின்னால் நின்ற புர்க்ஹார்ட் ஆறு யூரோவை டங்கென்று வைத்தார். அவருடைய வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எதற்கும் காசு கொடுத்ததில்லை.

உள்ளே ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் நின்ற படிக்கட்டுகள். இப்போது படிகளுக்கு நடுவே பிர்ச் மரங்கள் வளர்ந்து, ஒவ்வொன்றும் நல்ல இடம் பிடித்துக்கொண்டு நின்றன. மரக்கூரை போட்ட பழைய கேலரியில் மட்டும் கடைசி ஆட்டம் என்பதால் நானூறு பேர் நெருக்கியடித்தார்கள். ஃபோல்க்மார் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கையில் சாசேஜ், மேலே கடுகுச் சாந்து, எதிரே பச்சைப் புல். தொண்ணூறு நிமிடம் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். மனிதனிடம் கடவுள் இதைவிடக் குறைவாக எதையும் கேட்டதில்லை.

மூன்று மணி ஆனது. இரண்டு அணிகளும் வந்து நின்றன. நடுவரைக் காணோம்.

மூன்றேகால். ஃப்ரீட்ஹெல்ம் போனைக் காதில் வைத்துக்கொண்டு கோட்டோரமாக நடந்தார். அப்புறம் மைக்கைப் பிடித்தார். "அன்பான விளையாட்டு நண்பர்களே, ஒரு சின்னச் சிக்கல். நடுவர் காலுறை போடக் குனிஞ்சாராம். நிமிர முடியலையாம். இது தற்காலிகம்…"

"உன் தற்காலிகத்தைத் தூக்கிக் குப்பையில போடு ஃப்ரீட்ஹெல்ம்!" என்று கேலரி கத்தியது.

அன்று சீசனின் கடைசி ஞாயிறு. மாவட்டத்தில் இருந்த நடுவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஆள் வராமல் போனால், வந்த கூட்டத்தில் கார்டு வைத்திருக்கிற யாராவது ஊதலாம். இரண்டு அணியும் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஹார்ன்பெக்காரர் ஒருவர் எழுந்து கை தூக்கினார். எதிரணியான வீஸன்டால் இரண்டாம் அணியின் கேப்டன் யுனுஸ் கரஜா அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பெரியவரே, கழுத்துல கொன்கோர்டியா துண்டு, தலையில கொன்கோர்டியா தொப்பி. கையில என்ன, பச்சை குத்தியிருக்கா?"

"சின்னதா குத்தியிருக்கேன்பா."

"உட்காருங்க."

மூன்றரை வரைக்கும் பார்ப்பார்கள். அப்புறம் ஆட்டம் ரத்து. புதன்கிழமை பிளாஸ்டிக் புல்லில் ஆடிக்கொள்ள வேண்டியதுதான். ஃபோல்க்மார் சாசேஜை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். நான்கு வரிசை கீழேயிருந்து ஒரு விரல் அவரை நோக்கி நீண்டது. இர்ம்ட்ரூட் அம்மாள்.

"அதோ! ஃப்ளென்ஸ்பர்க்! ஆறு யூரோ!"

நானூறு தலை திரும்பியது.

"நான் சும்மா பார்க்க வந்தவன், அம்மணி," என்றார் ஃபோல்க்மார்.

"நாங்களுந்தான் பார்க்க வந்தோம், ராசா. எதைப் பார்க்க?"

அவர் பலகையில் இன்னும் அழுந்தி உட்கார்ந்தார். ஏனென்றால் பட்டியலின் நான்காவது விதி இப்படிச் சொன்னது: ஆட்டத்தில் எவ்வகையிலேனும் பங்கெடுத்தவர் பார்வையாளர் ஆகமாட்டார், அந்த மைதானம் அவர் கணக்கில் சேராது. இந்த விதியை எழுதியது யார்? சாட்சாத் ஃபோல்க்மார்தான். பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு நிதி திரட்டும் ஆட்டத்தில் புர்க்ஹார்ட் பத்து நிமிடம் கோல்கீப்பராக நின்றுவிட்டார் என்பதற்காக, அவருடைய ஒரு மைதானத்தை அடித்துப்போட ராவோடு ராவாக உட்கார்ந்து எழுதிய விதி. "எவ்வகையிலேனும்" என்ற சொல்லுக்காக அன்று அவர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

இப்போது நிலைமை இதுதான். அவர் ஊதாவிட்டால் ஆட்டமே இல்லை. ரெண்டு பேருக்கும் எழுபத்துமூன்று. ஊதினால் அவருக்கு எழுபத்துமூன்று, சும்மா உட்கார்ந்து பார்க்கிற புர்க்ஹார்டுக்கு எழுபத்துநான்கு. அதாவது நண்பனின் வெற்றிக்கு இவர் தொண்ணூறு நிமிடம் ஓடியே ஆகவேண்டும்.

புர்க்ஹார்டின் மூளை அதைவிட வேகமாக ஓடியிருந்தது. எழுந்து நின்று கைதட்டினார். "அருமையான நடுவர்ங்க இவரு! நான் உத்தரவாதம்! வடக்குல இவரை மாதிரி ஆளே கிடையாது!"

"வாயை மூடுடா," என்றார் ஃபோல்க்மார் பல்லுக்கிடையில்.

"ஏன்டா வெட்கப்படுறே? திறமையை ஒளிச்சு வைக்கக் கூடாது."

யுனுஸ் கோட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். "சார், நீங்க ஹார்ன்பெக்கா?"

"இல்ல."

"இந்த கிளப்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"ஒண்ணும் நினைக்கல."

"எங்களுக்கு இவரு போதும்," என்றான் யுனுஸ்.

மணி மூன்று இருபத்தாறு. கேலரியில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஃபோல்க்மார் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒன்பதாவது லீக்கில் பதினான்காவது இடத்தில் இருக்கிற ஒரு கிளப்பின் நானூறு பேர், வாயில் மென்றுகொண்டிருந்ததைக்கூட நிறுத்திவிட்டு, இவர் எழுந்திருப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத்தில் எழுபத்துமூன்று மைதானங்களில் ஒருவர்கூட ஃபோல்க்மார் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்திலும் பெரிதாகப் பார்க்கவில்லை.

அவர் சாசேஜின் மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகுதான் அவருக்கு ஒரு அழகான யோசனை வந்தது.

"ஊதுறேன். ஆனா கோட்டோரம் கொடி பிடிக்க அணிக்கு ஒரு லைன்மேன் வேணும். வீஸன்டால்ல இருக்காங்க. ஹார்ன்பெக்ல?"

ஃப்ரீட்ஹெல்ம் கையைப் பிசைந்தார். "எங்க லைன்மேன்தான் இன்னிக்கு லெஃப்ட் பேக் ஆடுறான்…"

"பரவாயில்ல. அதோ, அந்த மூணாவது வரிசைத் தாடிக்காரர். எனக்கு நல்லாத் தெரிஞ்சவர். திறமையை ஒளிச்சு வைக்கிற ஆளு."

புர்க்ஹார்டின் முகம் கடுகுச் சாந்து நிறத்துக்குப் போனது. "எனக்குக் கார்டு கிடையாது!"

"லைன்மேனுக்குக் கார்டு வேண்டாம்," என்றார் ஃபோல்க்மார் அன்பாக. "கண்ணு இருந்தாப் போதும். உனக்கு ரெண்டு இருக்கு."

"நான் வரமாட்டேன்!"

இம்முறை கேலரி கத்தியது. நானூறு பேரும் கத்தினார்கள். இர்ம்ட்ரூட் அம்மாள் சாசேஜ் இடுக்கியோடு மூன்றாவது வரிசைக்கே ஏறிவிட்டார். "எழுந்திரு மாமா. இந்த இடுக்கி சூடா இருக்கு."

சின்னப் பிள்ளைகள் அணியிலிருந்து எடுத்த சட்டை ஃபோல்க்மாருக்குத் தொப்புளோடு நின்றது. பூட்ஸ் கோல்கீப்பருடைய பழைய ஜோடி, ஒரு அளவு பெரிது. மூன்று முப்பத்தைந்துக்கு விசில் ஊதினார். புர்க்ஹார்ட் கொடியை ஒட்டடைக்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு, இடது கையில் பியரோடு, எல்லைக்கோட்டுக்கு ஒரு சாண் வெளியே நின்றார். அந்த ஒரு சாணை அவர் கடைசிவரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் கோட்டுக்கு வெளியேதான் இருக்கேன்!" என்று ஒவ்வொரு தடவை ஃபோல்க்மார் அந்தப் பக்கம் ஓடிவரும்போதும் சொன்னார். "வெளியே நிக்கிறவன் பார்வையாளன்!"

"கொடியைப் பிடி!"

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொன்கோர்டியா தன் பழம்பெருமைக்கு ஏற்றபடி ஆடியது. அந்தப் பழம்பெருமை எழுபது வயதைத் தாண்டியிருந்தது என்பதும் ஆட்டத்தில் தெரிந்தது. இடைவேளைக்குள் வீஸன்டால் இரண்டு கோல், பிறகு இன்னொன்று. ஃபோல்க்மாருக்குத்தான் புதிதாக இருந்தது. ஃப்ளென்ஸ்பர்க்கில் சிறுவர் ஆட்டத்துக்கு இருபது அம்மாக்கள் வருவார்கள், வழக்குப் போடுவோம் என்பார்கள். இங்கே நானூறு பேர், ஆளுக்கொரு அர்ச்சனை.

"ஏய் ஃப்ளென்ஸ்பர்க்! கண்ணாடியை ரயில்லயே விட்டுட்டியா?"

"மீன் சந்தையில கூவுற மாதிரி ஊதாதடா, பந்து பயப்படுது!"

"சட்டை யாருது? உன் பேரனுதா?"

ஐம்பதாவது நிமிடத்தில் அவர் ஹார்ன்பெக்குக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தபோது, ஒரு கிழவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டோரம் வரைக்கும் வந்து, அங்கே உட்கார்ந்து, மீதி ஆட்டம் முழுக்கத் தனியாக அவரைத் திட்டினார். ஃபோல்க்மாருக்கு மூச்சு இரைத்தது, கணுக்காலில் கொப்புளம். தன் வாழ்க்கையில் இவ்வளவு வசவு வாங்கியதில்லை. பாருங்கள், அவர் இன்னும் வேகமாக ஓடினார்.

எண்பத்தொன்பதாவது நிமிடம். மூன்றுக்குச் சைபர். ஹார்ன்பெக்கின் முன்னணி ஆட்டக்காரர் டோர்ஸ்டன் ப்ரோம்கா, குழாய் ரிப்பேர் வேலை, வயது நாற்பத்தொன்று, தொப்பை அதற்கும் மூத்தது. எதிரணியின் கடைசி ஆளுக்கு இரண்டு மீட்டர் அப்பால், இடுப்பில் கை வைத்து, தன் மாமியாரைத் தேடுகிறவர் போலக் கேலரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கண்மண் தெரியாமல் ஒரு பந்தை உள்ளே அடித்தார்கள். அது ப்ரோம்காவின் தொப்பையில் பட்டு, கோல்கீப்பர் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உருண்டு, கோட்டைத் தாண்டி, வலையைத் தொடக்கூடத் தெம்பில்லாமல் நின்றது.

புர்க்ஹார்டின் கொடி உயர்ந்தது. நேராக, விறைப்பாக, புத்தகத்தில் படம் போட்ட மாதிரி. எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி முன்கூட்டியே நின்றவன் போட்ட கோல் ஆஃப்சைடு, செல்லாது. ஆயிரம் குற்றம் சொல்லலாம் அந்த மனிதரை. ஆஃப்சைடை ஆஃப்சைடு இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. ஃபோல்க்மாருக்கும் அது தெரிந்தது. சொல்லப்போனால், கொடி இல்லாமலே தெரிந்தது. இரண்டு மீட்டரை அளக்க நிலஅளவை அதிகாரி தேவையில்லை.

கேலரி எழுந்து நின்றது. அந்த மரக்கூரையின் கீழே இனி ஒரு கோல் வராது. ஃபோல்க்மார் விசிலை வாயில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு கையை நீட்டி நடுவட்டத்தைக் காட்டினார். கோல்.

யுனுஸ் ஓடிவந்தான். "சார், கொடி! கொடி தூக்கியிருக்காரு!"

"எந்தக் கொடி?"

யுனுஸ் திரும்பிக் கொடியைப் பார்த்தான். கேலரியைப் பார்த்தான். அங்கே இர்ம்ட்ரூட் அம்மாள் இடுக்கியோடு தன் கணவர் தலைமேல் குதித்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கிழவர் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"ஆமாமா," என்றான் யுனுஸ். "எந்தக் கொடி."

மைக் கரகரத்தது. "நம்ம கொன்கோர்டியா?"

"ஒண்ணு!" என்று கேலரி முழங்கியது.

"விருந்தாளிங்க?"

"சைபர்!"

எதிரணி எத்தனை கோல் போட்டாலும் சைபர் என்று கத்துவது அந்த நாட்டு வழக்கம். இன்று வீஸன்டாலின் மாற்று ஆட்டக்காரர்களும் பெஞ்சில் இருந்தபடி சேர்ந்து கத்தினார்கள். ஆக, ஹார்ன்பெக் மக்கள் கணக்குப்படி, தங்கள் கடைசி ஆட்டத்தை அவர்கள் ஒன்றுக்குச் சைபரில் வென்றார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஃபோல்க்மார் மூன்று முறை ஊதினார். அதோடு அந்த மைதானம் முடிந்தது.

ரயில் நிலைய மேடையில் இருவரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஃபோல்க்மார் ஒரு பூட்ஸைக் கழற்றிக் கொப்புளத்துக்குக் காற்றுக் காட்டினார்; பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார்.

"நான் கொடி தூக்கினேன்," என்றார் புர்க்ஹார்ட்.

"பார்த்தேன்."

"ரெண்டு மீட்டர்."

"ரெண்டே கால்."

"அப்புறம் ஏன்டா?"

ஃபோல்க்மார் குனிந்து கொப்புளத்தை ஊதினார். புர்க்ஹார்ட் தாடியைச் சொறிந்தார். அவர் கேட்க வந்தது அது இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் வெளியேதான் நின்னேன்," என்றார் மெதுவாக. "ஒரு சாண்."

இது ஃபோல்க்மார் சொல்ல வேண்டிய தீர்ப்பு. விதி அவருடையது. "எவ்வகையிலேனும்" என்ற சொல் நன்றாகக் கூர்தீட்டி அவர் பையிலேயே இருந்தது. அதை எடுத்து ஒரே வீச்சில் புர்க்ஹார்டையும் தன்னோடு எழுபத்துமூன்றில் படுக்கவைக்கலாம். கொடியைக் கையில் கொடுத்தபோது அவர் திட்டமும் அதுதான்.

"தொண்ணூறு நிமிஷத்துல எத்தனை தடவை கொடி தூக்கினே?"

"ஒரு தடவை. மத்ததெல்லாம் உன் கண்ணுக்கே தெரிஞ்சுது."

"அந்த ஒரு தடவையையும் நான் கணக்குல எடுக்கல. அப்ப ஆட்டத்துல உனக்குப் பங்கே இல்ல. கொடி வச்சிருந்த பார்வையாளன், அவ்வளவுதான். எழுதிக்கோ. எழுபத்துநாலு."

புர்க்ஹார்ட் அவரை நம்பாமல் பார்த்தார். ஏமாற்று எங்கே இருக்கிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. "உனக்கு?"

"எனக்கு எழுபத்துமூணு."

அவருக்கு வலிக்கவில்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். சொத்தைப் பல்லைப் பிடுங்கின இடம் மாதிரி வலித்தது. நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போனது. புர்க்ஹார்ட் பேனாவை எடுத்தார். ஆனால் எழுதவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்மேடையில் பச்சைத் துண்டு போட்ட ஐந்தாறு ஹார்ன்பெக்காரர்கள் பியர் பாட்டிலோடு வந்து நின்றார்கள். ஒருவன் இந்தப் பக்கம் உற்றுப் பார்த்தான்.

"டேய், அது நம்ம ஃப்ளென்ஸ்பர்க்டா!"

"ஏய் குருட்டு மாமா!" என்று இன்னொருவன் தண்டவாளத்துக்கு மேலே வாயைக் குவித்துக் கத்தினான். "அது ஆஃப்சைடுய்யா! ப்ரோம்கா பக்கத்து ஊர்ல நின்னான்!"

"ரெஃப்ரியாய்யா நீயெல்லாம்?"

ஆறு பேரும் பாட்டிலைத் தூக்கி அவரைப் பார்த்து ஆட்டினார்கள். புர்க்ஹார்ட் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

ஃபோல்க்மார் ஹின்ரிக்ஸன் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக எழுந்து நின்றார்.

"ஆஃப்சைடே இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கா?"